டிசம்பர் கடைசியில் அந்தமான், அத்தையும் பையனும் கூட: இந்த ஐந்து நாள் திட்டம் தேறுமா?

#1 கரூர்_கவிதா | அக்டோபர் 28, இரவு 9.14

வணக்கம். அரையாண்டு விடுமுறையில் அந்தமான் போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், 67 வயது அத்தை (கணவரின் அம்மா). அத்தை இதுவரை கடல் பார்த்தது திருச்செந்தூரிலும் ராமேஸ்வரத்திலும்தான். சர்க்கரை உண்டு, முட்டி வலியும் உண்டு, ஆனால் ஆசை எங்களைவிட அதிகம்.

டூர்க்காரர் போட்டுக் கொடுத்த திட்டம் இது. 25 காலை சென்னையிலிருந்து விமானம், மாலை செல்லுலார் சிறையும் ஒலி ஒளிக் காட்சியும். 26 அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி பாராடாங் தீவு, இரவு திரும்புதல். 27 ஹேவ்லாக் தீவு, ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம். 28 காலை எலிஃபன்ட் பீச், ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் முங்குவது). மாலை படகில் நீல் தீவு. 29 காலை நீலிலிருந்து படகில் போர்ட் பிளேர், மதியம் விமானம்.

பணம் இன்னும் கட்டவில்லை. இது தேறுமா? பையனும் ஸ்கூபா செய்யலாமா? படகில் வாந்தி வருமா? அனுமதிச் சீட்டு ஏதாவது வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 பொறுமை_ரயில் | அக்டோபர் 28, இரவு 9.51

அனுமதிச் சீட்டு வேண்டாம். இந்தியர்களுக்குப் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் எல்லாம் தாராளமாகப் போகலாம். பழங்குடிப் பகுதிகளுக்கும் நிக்கோபாருக்கும்தான் தனி அனுமதி. ஆனால் எல்லோருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், பையனுடையதும் சேர்த்து. படகு ஏறும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

திட்டத்தைப் படித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. அத்தை பாவம்.


#3 அபர்டீன்_வாசி | அக்டோபர் 29, காலை 6.05

முப்பது வருடமாகப் போர்ட் பிளேரில் இருக்கிறேன். அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டோம். அபர்டீன் பஜாரில் தமிழ் பேசியே நாளை ஓட்டிவிடலாம், அந்தக் கவலை வேண்டாம்.

முதலில் பெயர்கள். ஹேவ்லாக், நீல், ராஸ் மூன்று தீவுகளுக்கும் 2018 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷாஹீத் த்வீப், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் பழைய பெயர் சொல்வார். வேறு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டோமோ என்று பயப்படாதீர்கள்.

அடுத்தது கடைசி நாள். காலையில் நீலிலிருந்து படகு ஏறி அன்று மதியமே விமானம் பிடிக்கிற திட்டத்தை என் விரோதிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் வங்கக் கடலில்தான் கிடக்கும். காற்று எழுந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதற்குமேல் யாரிடம் சண்டை போட்டும் பயனில்லை. 2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தா நினைவிருக்கிறதா? அது புயலாகத் திரள்வதற்கு முன் எங்கள் பக்கத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்து வந்தன. வருடா வருடம் அவ்வளவு நடக்காது. ஆனால் ஒரு நாள், அரை நாள் படகு நிற்பது சாதாரணம்.

ஆகவே திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். இறங்கிய அன்றே மதியப் படகில் ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவு, நீலில் ஓர் இரவு, கடைசி இரண்டு இரவு போர்ட் பிளேர். சிறையும் ராஸ் தீவும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கும் ஓடிப்போகாது. படகு ஒரு நாள் நின்றாலும் அந்த நாளை ஊரில் குறைத்துக்கொண்டால் விமானம் தப்பும். இதற்கு இன்னொரு நாள் கூடுதலாக வேண்டும். ஆறு நாள் ஆக்க முடியுமா பாருங்கள்.


#4 கணக்குப்பிள்ளை | அக்டோபர் 29, காலை 10.30

அபர்டீன் ஐயா சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். கடைசி இரவு போர்ட் பிளேர், சரி. ஆனால் இறங்கிய அன்றே ஹேவ்லாக் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் என்ன செய்வது? படகு போய்விடும், டிக்கெட் பணம் போகும், ஹேவ்லாக் விடுதிக்குக் கட்டிய பணமும் போகும். மழை நாளில் இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிய விமானங்களும் உண்டு. தாமதத்தை முதல் நாளில் வாங்குவதா, கடைசி நாளில் வாங்குவதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை விடுதி, படகு, விமானம் மூன்றும் உச்ச விலை. பிப்ரவரியில் போனால் கடலும் அமைதி, பணப்பையும் அமைதி.


#5 கரூர்_கவிதா | அக்டோபர் 29, பகல் 1.12

பிப்ரவரியில் பள்ளியில் விட மாட்டார்கள் அண்ணா. ஆறு நாளுக்கு அவர் சம்மதித்துவிட்டார், 30ஆம் தேதி திரும்புகிறோம். பாராடாங் பற்றி யாரும் சொல்லவில்லையே? டூர்க்காரர் தந்த தாளில் "வழியில் ஜாரவா பழங்குடியினரைக் காணலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.


#6 அபர்டீன்_வாசி | அக்டோபர் 29, இரவு 8.40

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு டூர்க்காரர் இதை விளம்பரமாக அச்சடிக்கிறார் என்றால் அவரிடம் மற்றதையும் வாங்க யோசிப்பேன்.

பாராடாங் போகிற சாலை ஜாரவாக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு அனுப்புவார்கள். நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் நீட்டக் கூடாது. மீறினால் சிறைவரை போகும், 1956லேயே வந்த பாதுகாப்பு ஒழுங்குமுறை அது. அந்தச் சாலையையே மூடச் சொல்லி 2002ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, இன்னும் வண்டி ஓடுகிறது. 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியார் தொடர்பு அவர்களுக்கு எப்படி முடியும் என்பதற்கு அதற்குமேல் உதாரணம் வேண்டாம்.


#7 கணக்குப்பிள்ளை | அக்டோபர் 29, இரவு 9.22

ஐயா, அந்தத் தாள் அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாராடாங் போகிற எல்லோரும் ஜாரவாவை வேடிக்கை பார்க்கப் போவதில்லை. சுண்ணாம்புக் குகைக்குச் சதுப்புநிலக் காட்டின் நடுவே சின்னப் படகில் போவது அருமையான அனுபவம். உள்ளூர் ஆட்களே அந்தச் சாலையில்தானே மாயாபந்தர், டிக்லிபூர் போகிறார்கள்?


#8 அபர்டீன்_வாசி | அக்டோபர் 29, இரவு 9.58

போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். அவர்களுக்கு ஆஸ்பத்திரி, வேலை, கல்யாணம் என்று காரணம் இருக்கிறது. குகைக்கு அது தேவையா என்பது அவரவர் மனசு. கவிதாவுக்கு நான் சொல்வது வேறு: விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, போக வர இருநூறு கிலோமீட்டர் குலுங்கி, படகு ஏறி இறங்கி, வேர் மண்டிய பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் குகை. முட்டி வலி உள்ளவருக்கு இது ஒரே நாளில் தண்டனை. விட்டுவிடுங்கள்.


#9 கப்பல்_பித்தன் | அக்டோபர் 30, அதிகாலை 12.47

யாரும் கப்பலைச் சொல்லவில்லையா! சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர், கிட்டத்தட்ட 1,190 கிலோமீட்டர், மூன்று நாள். அடுக்குப் படுக்கை, எஞ்சின் சத்தம், சாப்பாட்டு மணி, இரண்டாம் நாளிலிருந்து நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கைதிகள் ஏன் காலாபாணி (கருந்தண்ணீர்) என்று நடுங்கினார்கள் என்பது டெக்கில் நின்று பார்த்தால்தான் உறைக்கும்.

(கவிதா அக்காவுக்குச் சொல்லவில்லை. கப்பல் தேதி மாதத்துக்குச் சில முறைதான் வரும், அதுவும் தள்ளிப்போகும். விடுமுறையை நம்பி ஏற முடியாது. சும்மா ஆசைக்கு எழுதினேன்.)


#10 மருந்துக்கடை_மீனா | அக்டோபர் 30, காலை 11.05

படகு வாந்திக்கு நான் பதில் சொல்கிறேன், இதுதான் என் பிழைப்பு.

தனியார் படகுகள் வேகமானவை, ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம். ஆனால் மூடிய ஏசிக் கூண்டு, அலை அடித்தால் உள்ளே ஒருவர் ஆரம்பிப்பார், பிறகு வரிசையாகத் தொடரும். அரசுப் படகுக்கு நேரம் கூடுதல், கட்டணம் குறைவு, வெளியே நின்று காற்று வாங்கலாம். ஆனால் அதில் தீவு மக்களுக்குத்தான் முன்னுரிமை, கூட்டக் காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தனியார் படகில் இப்போதே முன்பதிவு செய்துவிடுங்கள்.

மாத்திரை போடுவதாக இருந்தால் படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக. ஆட ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அது அப்படியே வெளியே வந்துவிடும். இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், வயதானவர்களுக்குத் தள்ளாட்டமும் வரும். ஜெட்டியில் (படகுத்துறையில்) படகுக்கும் பலகைக்கும் நடுவே கால் வைக்கும்போது அது ஆபத்து. அத்தைக்கு உங்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சர்க்கரைக்காரர் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது: இரண்டு இட்லி, சர்க்கரை மாத்திரை, கையில் நாலு பிஸ்கட். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள். தலையைக் குனிந்து ஃபோன் பார்க்க வேண்டாம், ஜன்னல் வழியே தூரத்துக் கடல்கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் இருந்தால் கைப்பையில். வழக்கமான மருந்துகளைத் திரும்பும் தேதியைத் தாண்டி நான்கு நாளுக்குச் சேர்த்து எடுத்துப் போங்கள், படகு நிற்கும் கதையை மேலே படித்தீர்கள். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார வசதி உண்டு, பெரிதாக ஏதாவது என்றால் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும்.


#11 ஆழம்_12மீ | அக்டோபர் 30, மாலை 4.33

ஸ்கூபா. பையனுக்கு வேண்டாம். வழக்கமான அறிமுக முங்குதலுக்குக் குறைந்தபட்ச வயது பத்து. "அதெல்லாம் பார்க்க மாட்டோம், கூட்டி வாங்க" என்று யாராவது சொன்னால் அங்கே நீங்களும் முங்காதீர்கள். வேறு எதையெல்லாம் பார்க்காமல் விடுகிறார்களோ, யார் கண்டது?

ஸ்நார்கெல் (குழாய் வழியே மூச்சு விட்டு மேலே மிதந்தபடி பார்ப்பது) அவனுக்குப் போதும். உயிர்காப்புச் சட்டையோடு எலிஃபன்ட் பீச்சில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாலே கிளி மீனும் பட்டாம்பூச்சி மீனும் தெரியும். பவளத்தின்மேல் நிற்கக் கூடாது என்பதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். 2010ல் கடல் சூடாகி இங்கே ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. மிச்சம் இருப்பது தேறி வருகிறது, நம் குதிகால் வேறு அதற்கு வேண்டாம்.

உங்களுக்கும் கணவருக்கும்: உடல்நலப் படிவம் கொடுப்பார்கள். எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று கோடு இழுத்துவிடாதீர்கள். ஆஸ்துமா, காது அறுவை, இதயம், வலிப்பு எது இருந்தாலும் முதலில் டாக்டர். சளி இருந்தால் அன்று முங்கவே கூடாது. காசு கட்டிவிட்டோமே என்று சளியோடு முங்கியவன் நான், இரண்டு வாரம் ஒரு காது கேட்கவில்லை. கீழே இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள். மூச்சை அடக்கவே கூடாது, வலித்தால் உடனே கை சைகை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

முங்கிய பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பழைய திட்டத்தில் இது தற்செயலாகச் சரியாக இருந்தது, நாளை மாற்றும்போது கெடுத்துவிடாதீர்கள்.


#12 கரூர்_கவிதா | அக்டோபர் 30, இரவு 10.02

அவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. இப்போது இல்லை. சொல்ல வேண்டுமா?


#13 ஆழம்_12மீ | அக்டோபர் 30, இரவு 10.06

கட்டாயம். இங்கிருந்தே டாக்டரிடம் எழுதி வாங்கிப் போங்கள்.


#14 தாத்தாச்சாரி | அக்டோபர் 31, காலை 7.20

சற்று வழி விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக், நீல் இரண்டும் 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதிகளின் பெயர்கள். இதில் நீல் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் அவனுக்குச் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937ல் ராஜாஜி முதல்வரானதும் சிலையைத் தூக்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சிலை போன பிறகும் எண்பது வருடம் தீவில் பெயர் நின்றது பாருங்கள்.

ஹேவ்லாக்கில் குடியிருப்போர் பெரும்பாலும் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய வங்காளிகள். அதனால்தான் ஊர்ப் பெயர்கள் கோவிந்த நகர், ஷியாம் நகர், ராதா நகர் என்று இருக்கின்றன. நீலில் ராமாயணம்: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். அம்மையாருக்கு இதைச் சொல்லி அழைத்துப் போங்கள், நடக்கிற களைப்புத் தெரியாது.

பழைய இருபது ரூபாய் நோட்டு வீட்டில் கிடந்தால் பையனிடம் கொடுத்துவிடுங்கள். பின்பக்கத் தென்னைமரக் காட்சி போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் உள்ள நார்த் பே.


#15 அபர்டீன்_வாசி | அக்டோபர் 31, பிற்பகல் 2.15

தாத்தாவுக்கு நன்றி. நான் நடைமுறைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் உங்களுடையது. டிசம்பர் கடைசியில் ஐந்தரைக்கு விடியும், மாலை ஐந்து மணிக்குச் சூரியன் இறங்கிவிடும். நான்கரைக்கு டீ குடித்துவிட்டு நிதானமாக ராதாநகர் கிளம்புகிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள். ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர், மூன்று மணிக்கே அங்கே இருங்கள். இருட்டியதும் கடற்கரையை விட்டு வெளியேற்றிவிடுவார்கள்.

அடுத்து ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. ஹேவ்லாக்கில் ஐந்தாம் எண் கடற்கரைப் பக்கம் விடுதி எடுத்தவர்கள், "படத்தில் நீலக்கடல் இருந்தது, இங்கே பாறையும் சேறும்தான்" என்று கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வற்றத்தில் போயிருப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் படியில் அலை அடிக்கும். நீலில் இயற்கைப் பாலத்துக்கு நேர் எதிர்: வற்றத்தில்தான் போக முடியும். ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம் இறங்கும். விடுதியில் அன்றைய நேரம் கேளுங்கள், தெரியாதவர் எவரும் இல்லை. பாலத்துக்குப் போகிற வழி முழுக்க வழுக்குப் பாறை, அத்தை பரத்பூர் கடற்கரையில் இளநீரோடு உட்கார்ந்திருக்கட்டும்.

முதலை. பயமுறுத்தவில்லை, ஆனால் மறைக்கவும் மாட்டேன். இங்கே இருப்பது உப்புநீர் முதலை. 2010ல் ராதாநகர்ப் பக்கம் ஓர் அமெரிக்கப் பெண் சுற்றுலாப் பயணி அதனிடம் உயிர் விட்டார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில், ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், இருட்டிய பிறகு, இந்த மூன்றிலும் தண்ணீரில் இறங்காதீர்கள். காவலர் விசில் அடித்தால் விவாதம் வேண்டாம்.


#16 திருச்சி_தாமரை | அக்டோபர் 31, மாலை 6.48

கவிதா, போன வருடம் நாங்கள் போனோம். இரண்டு விஷயம்.

என் பெண் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைப் பைக்குள் போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. திரும்பும்போது விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்கள். செத்த பவளமும் சட்டப்படி குற்றமாம். வரிசையில் அத்தனை பேர் முன்னால், அவள் அழ, நான் நெளிய. சங்கு சோழிப் பொருள் வேண்டுமென்றால் அரசு விற்பனை நிலையத்தில் பில்லோடு வாங்குங்கள்.

அப்புறம் மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, அன்று வலிக்காது, மறுநாள் காலெல்லாம் தடித்துச் சொரிந்து சொரிந்து ஒரு வாரம் போகும். காலையும் மாலையும் ஈரமணலில் வெறும் காலோடு படுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயைக் கனமாகத் தடவிக்கொள்ளச் சொன்னார் அங்கே ஓர் ஓட்டல் அம்மா, தடவிய நாளில் கடி குறைவாகத்தான் இருந்தது. சர்க்கரை உள்ளவர் சொரிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது, அத்தைக்கு அதுதான் முக்கியம்.


#17 பொறுமை_ரயில் | நவம்பர் 1, காலை 9.10

ரொக்கம் எடுத்துப் போங்கள். 2020ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேவலை, ஃபோனில் பணம் அனுப்பவும் முடிகிறது. ஆனால் முடியாத அரைமணி நேரம் சரியாக நீங்கள் ஜெட்டியில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதுதான் வரும். தீவுகளில் ஏடிஎம் குறைவு. படகு டிக்கெட், விடுதிச் சீட்டு எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள். எனக்குப் பழைய கீறலுக்குப் புதுக் காசு கேட்டார்கள், பெயர் வேண்டாம். நாலு பேர் என்றால் ஆட்டோவே சரி.


#18 கரூர்_கவிதா | ஜனவரி 4, இரவு 8.25

திரும்பி வந்து நாலு நாள் துணி துவைத்தேன், இப்போதுதான் உட்கார்ந்தேன். டூர்க்காரரை விட்டுவிட்டு நாங்களே பதிவு செய்தோம். அபர்டீன் ஐயா சொன்ன வரிசைதான், ஆறு நாள்.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் வாய்முகூர்த்தம். சென்னையிலேயே விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மதியப் படகு போயே போய்விட்டது. நாலு டிக்கெட், ஹேவ்லாக் விடுதியில் ஓர் இரவு, இரண்டும் கோவிந்தா. என் கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்ட் பிளேரில் ஜெட்டிக்குப் பக்கத்தில் அறை தேடி, மறுநாள் காலைப் படகில் எப்படியோ நான்கு இருக்கை கிடைத்தது, தனித்தனியாக. கடைசியில் வைத்திருந்த இரண்டு இரவில் ஒன்றை இதற்கு எடுத்துக்கொண்டோம். ராஸ் தீவு பார்க்கவில்லை, அவ்வளவுதான் நஷ்டம். அடுத்து போகிறவர்கள் முதல் நாள் படகுக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். காலை முதல் விமானம் கிடைத்தால் மட்டும் துணியலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடல் எங்களுக்குத் தாம்பாளம் போல இருந்தது. அத்தைக்கு டாக்டர் மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார், மீனா சொன்ன இட்லி முறைதான். அவர் திடமாக உட்கார்ந்திருந்தார், வாந்தி எடுத்தது நான். ஃபோனில் படம் பார்த்துக்கொண்டு வந்தேன், வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

என் கணவரை டாக்டர் பரிசோதித்து எழுதித் தந்தார், அவர் முங்கினார். நான் காது வலித்துப் பாதியில் கை காட்டிவிட்டேன், உடனே மேலே அழைத்து வந்தார்கள். பையன் எலிஃபன்ட் பீச்சில் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. அத்தை கண்ணாடி அடிப் படகில் உட்கார்ந்து, "இவ்வளவு மீனையும் யாரும் பிடிக்கலையா?" என்று படகுக்காரரைக் கேட்டார்.

ராதாநகரில் மூன்று மணிக்கே போய்விட்டோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கெஞ்சி வாங்கி மர நிழலில் போட்டோம். அத்தை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திருச்செந்தூர் மாதிரி கத்தவே இல்லையே இந்தக் கடல்" என்றார். அப்புறம் எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

தேங்காய் எண்ணெய் வேலை செய்தது, கணவர் தடவ மறுத்தார், இன்னும் சொரிந்துகொண்டிருக்கிறார். சிறையில் ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம் என்று வழிகாட்டி சொன்னதும் பையன் மற்ற நாலும் எங்கே என்று விடவில்லை. இருபது ரூபாய் நோட்டுக் கிடைக்கவில்லை தாத்தா.


#19 கணக்குப்பிள்ளை | ஜனவரி 4, இரவு 9.01

நஷ்டத்துக்கு வருந்துகிறேன் கவிதா. ஆனால் ஒரு சின்னத் திருப்தி இல்லை என்று சொன்னால் பொய்.


#20 அபர்டீன்_வாசி | ஜனவரி 5, காலை 5.50

ஒப்புக்கொள்கிறேன், தவறு என்மேல். விமான நேரத்தைக் கேட்காமல் மதியப் படகு என்று எழுதினேன். பத்து மணிக்கு முன் இறங்குகிறவர்களுக்கு மட்டும் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முதல் இரவு ஊரில், கடைசி இரவும் ஊரில். அந்த நாலு சிறகில் இரண்டு ஜப்பானியர் காலத்தில் இடிக்கப்பட்டன, மற்றவை சுதந்திரத்துக்குப் பிறகு போயின, இப்போது அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. பையனிடம் சொல்லிவிடுங்கள்.


#21 புதுசு_பாண்டி | ஜனவரி 5, காலை 11.37

எல்லாம் படித்தேன், அருமை. நாங்கள் மே கடைசியில் போகலாம் என்றிருக்கிறோம், ஆறு மாதக் குழந்தையோடு. சரியா?


#22 அபர்டீன்_வாசி | ஜனவரி 5, பகல் 12.20

மே பாதிக்கு மேல் தென்மேற்குப் பருவமழை எங்களிடம்தான் முதலில் இறங்கும், கடலும் கொந்தளிக்கும். ஏப்ரலுக்குள் முடியுமா பாருங்கள். குழந்தையின் வயதும் தேதியும் போட்டுத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, மீனாவையும் கூப்பிட்டுவிடலாம்.